ஆய்வுக் கட்டுரை எழுதப் பழகுகிறேன்: இதுவரை செய்து பார்த்தவை

கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக பிஎச்.டி. செய்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் தலைப்பு. மாதிரி எடுக்க, லேபில் அளக்க, வரைபடம் போட எல்லாவற்றுக்கும் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். கிடைத்ததை ஒரு நல்ல ஜர்னல் ஏற்றுக்கொள்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால் எனக்கு நானே ஒரு பாடத்திட்டம் போட்டுக்கொண்டேன். காலையில் கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம், ஒரு நேரத்தில் கட்டுரையின் ஒரே ஒரு பகுதி, அவ்வளவுதான் விதி.

முதலில் எடுத்த முடிவு, இலக்கணத்தில் இருந்து ஆரம்பிக்கக் கூடாது என்பது. சின்னச் சின்ன இலக்கணப் பிழைகளை இப்போது மென்பொருளே காட்டிவிடுகிறது. 'இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்று மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்விக்கு எந்த மென்பொருளும் பதில் எழுதித் தராது, அது கட்டுரையின் அமைப்பில் இருந்துதான் வரவேண்டும்.

அதற்குக் கைகொடுத்தது ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990-ல் விரிவாக எழுதிய ஒரு மாதிரி. ஆய்வுக் கட்டுரையின் அறிமுகம் பெரும்பாலும் மூன்று நகர்வுகளில் போகும் என்கிறார்: களத்தைக் காட்டுவது, அதில் ஒரு இடைவெளியைக் காட்டுவது, அந்த இடைவெளியை நாம் எப்படி நிரப்பப்போகிறோம் என்று சொல்வது. என் துறையில் மதிப்புள்ள ஜர்னல்களில் வந்த சில கட்டுரைகளை பிரிண்ட் எடுத்து, அறிமுகத்தை மட்டும் மூன்று நிறத்தில் கோடு போட்டுப் படித்தேன். சரளமாக எழுதப்பட்ட கட்டுரைகளில் 'நீரின்றி உயிர் இல்லை' என்கிற மாதிரி ஆரம்பமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பில் நேராக இறங்கிவிடுகிறார்கள். இன்னொன்று, அவர்கள் காட்டும் இடைவெளி எப்போதும் அவர்களுடைய தரவு நிரப்பக்கூடிய அளவில்தான் இருக்கிறது. ஒரே பருவத்தில் மாதிரி எடுத்தவர், பருவத்துக்குப் பருவம் ஏற்படும் மாற்றத்தை யாரும் ஆராயவில்லை என்று எழுதினால் அந்த இடைவெளி அவருக்கே குழியாகிவிடும். இது புரிந்த பிறகு மழைக்கு முன், மழைக்குப் பின் என்று நான் பிரித்து எடுத்த மாதிரிகளை அறிமுகத்தில் எங்கே வைக்க வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிட்டது.

அடுத்தது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வரலாற்றில் சொல்லும் பயிற்சி. பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஆங்கில இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் தள்ளிவைத்துவிட்டு, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளில் இருந்தே கட்டுரையைத் திரும்ப எழுதுவார். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சில நேரம் குறிப்புகளையே கலைத்துப் போட்டு, வாரங்கள் கழித்து வரிசைப்படுத்துவாராம். இதை நான் முடிவுகள் பகுதியில் செய்து பார்க்கிறேன். வாக்கிய வரிசையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கூடவே இன்னொரு பலனும் உண்டு. கருத்துத் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. கொண்டுவந்த 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அந்த எண்ணுக்குள் வருவதற்காக வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப்போடும் பழக்கம் எங்கும் பரவிக்கிடக்கிறது. பிறர் கருத்தைக் குறிப்பாக எடுத்து, மூலத்தை மூடிவைத்து எழுதி, மேற்கோள் எண்ணையும் போட்டுவிட்டால் வாக்கியம் நம்முடையதாகவே வரும், அந்த மாற்றிப்போடும் வேலைக்கே அவசியம் இருக்காது.

மூன்றாவதாக வாக்கியங்களைக் கோப்பது. தெரிந்த செய்தியை வாக்கியத்தின் தொடக்கத்திலும் புதியதை முடிவிலும் வைக்கச் சொல்லி ஜார்ஜ் கோபெனும் ஜூடித் ஸ்வானும் அறிவியல் எழுத்தைப் பற்றி 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். என் பத்தி ஒன்றில் அதைப் போட்டுப் பார்த்தேன். பாறை சிதையும்போது பயோட்டைட், அப்படைட் போன்ற கனிமங்களில் இருந்து ஃபுளோரைடு நீரில் கலக்கிறது. அந்த ஃபுளோரைடை நீரில் நிற்கவிடாமல் கட்டுப்படுத்துவது கால்சியம். கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய நீரில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. ஒரு வாக்கியம் விட்ட இடத்தில் அடுத்தது பிடிக்கிறது, சங்கிலி மாதிரி. இதே மூன்று செய்திகளும் முன்பும் அந்தப் பத்தியில் இருந்தன, ஆனால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் பின்னால் போய்த் தேட வேண்டியிருந்தது.

சிலவற்றைத் திட்டத்தில் இருந்து எடுத்துவிட்டேன். 2000-ல் ஏவெரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரில் இருந்து வரும் சொற்களின் தொகுதிகள், இருக்கின்றன. நல்ல பட்டியல்தான், ஆனால் மனப்பாடம் செய்து எனக்கு ஒட்டவில்லை. என் துறைக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை வாக்கியத்தோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது போதுமாக இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கு உதவும் ஆங்கிலச் சொற்றொடர்களைத் தொகுத்து வைத்திருக்கும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சொற்றொடர் வங்கியை எங்காவது மாட்டிக்கொள்ளும்போது மட்டும் திறக்கிறேன்.

தனியாகப் படித்தாலும் படித்துச் சொல்ல ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், அதிலும் வேறு துறை ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது. பொருளியல் துறை மேடம் ஒருவர் என் பத்திகளைப் படித்துவிட்டு, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதித் தருகிறார். ஒரு பத்தியில் வரி எழுதாமல் என்னிடமே கேட்டார்: "சார், இது நீங்க அளந்ததா, மத்தவங்க அளந்ததா?" வேதியியலில் எதையும் தொடாத கேள்வி, ஆனால் அந்தப் பத்தியையே பிரித்து எழுத வைத்தது. இப்போது எழுவாயைப் பார்த்ததுமே யாருடைய தரவு என்று தெரிகிற மாதிரி எழுதப் பழகுகிறேன்.

அடுத்து விவாதப் பகுதி. அதற்கும் அதே மூன்று நிறப் பேனாதான்: எங்கே தன் முடிவைச் சொல்கிறார்கள், எங்கே முந்தைய ஆய்வோடு ஒப்பிடுகிறார்கள், எங்கே தங்கள் ஆய்வின் வரம்பை ஒத்துக்கொள்கிறார்கள் என்று குறித்து வருகிறேன். கட்டுரைகளைப் பொறுக்கி எடுத்தாகிவிட்டது. வரம்பைச் சொல்லும் வாக்கியங்களை மட்டும் தனியாக எழுதிப் பழகப்போகிறேன், ஏனென்றால் கோடை மாதிரிகளில் சில கிணறுகள் வறண்டுபோனதை நான் அங்கேதான் சொல்லியாக வேண்டும்.