அந்தியூர்ச் சந்தையும் ஒரு மூட்டைப் பட்டி எருவும்

ஊர் திரும்பி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அந்தியூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் வரை கொண்டுபோய் விட்டதற்கு 250 ரூபாய் பறித்த ஆட்டோக்காரர் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. திருவிழாவுக்குப் போகிற கூட்டமெல்லாம் அதே சாலையில் கைக்குழந்தைகளோடு நடந்துதான் போய்க்கொண்டிருந்தது என்பதை வண்டிக்குள் உட்கார்ந்த பிறகே கவனித்தேன். பர்கூர் மலை மாடுகளைப் பார்க்க, இரண்டு நாளுக்கு 3,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுச் சென்னையிலிருந்து கிளம்பியவனுக்கு முதல் செலவே இப்படி அமைந்தது. ஈரோட்டில் இறங்கிப் பவானி வழியாக அந்தியூர் வந்து சேர்ந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆடி மாதத்தில் இந்தக் கோயிலை ஒட்டிக் கூடுகிற சந்தை குதிரைகளுக்குப் பேர்போனது. திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்குக் குதிரை வாங்க இங்கே ஆள் வந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். இப்போதும் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் சலங்கை கட்டி ஆட, கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி பெருங்கூட்டம் அவற்றைச் சுற்றியே நிற்கிறது. நான் போனது மாட்டுக்காக என்பதால் குதிரைகளைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். எனக்கு அவை அலங்காரப் பொருட்களாகவே தோன்றின. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அவற்றை ஓட்டப்போகிறார்கள் என்பது அந்தக் குருநாதசாமிக்கே வெளிச்சம்.

மாடுகள் கட்டியிருந்த பக்கம் கூட்டம் குறைவு, பேச்சும் தாழ்ந்த குரலில்தான். காங்கேயம் மயிலைகள், எடுப்பான கொம்புகளோடு சில ஜோடி எருதுகள், இவற்றுக்கு அப்பால், ஆள் நெருங்கினாலே கயிற்றை இழுத்துக்கொண்டு திமிறிய சிறுகூட்டமாகப் பர்கூர் மலை மாடுகள். செங்காவி உடம்பில் சுண்ணாம்பை அள்ளித் தெளித்ததுபோல வெள்ளைத் திட்டுகள். இந்த நிறத்தைத்தான் செம்மறை என்கிறார்கள். கொம்புகள் அடியில் நெருங்கி எழுந்து, பின்னால் சாய்ந்து விரிந்து, கூர்மையாக முடிகின்றன. காங்கேயத்தைவிடச் சிறிய உடல்தான் என்றாலும், கல்லும் முள்ளும் நிறைந்த மலைச்சரிவில் ஏறி இறங்கும் கால்கள் அவை. பழக்குவது கடினம், பழகிவிட்டால் ஓட்டத்தில் அதை அடித்துக்கொள்ள மாடு இல்லை என்று ஒரு தரகர் சொன்னார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அவர் பேசிக்கொண்டிருந்த விலை எனக்குத் தெரியாது, கேட்பது மரியாதையும் இல்லை. ஆனால் இரண்டு பல் போட்ட காளைக் கன்று ஒன்றை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்து, உடம்பிலுள்ள மயிர்ச்சுழியெல்லாம் எண்ணிவிட்டு, கடைசியில் "டிராக்டர் இருக்கறப்ப இத வாங்கி என்னங்க பண்றது" என்று ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

நாட்டு மாடுகள் குறைந்ததற்கான காரணத்தைப் பாதிக்கு மேல் அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. உழவுக்கும் வண்டிக்கும் என்று வளர்த்தெடுத்த இனத்தின் வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது. பாலுக்கென்று ஜெர்சியும் ஹோல்ஸ்டீனும் கலந்த மாடுகள் வந்துவிட்டன. 2012க்கும் 2019க்கும் இடையிலான கால்நடைக் கணக்கெடுப்புகளில் நாட்டு மாடுகள் நாடு முழுவதும் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்திருக்க, அயல் இன, கலப்பின மாடுகள் ஏறக்குறைய 27 சதவீதம் கூடியிருக்கின்றன. லிட்டர் கணக்கை மட்டும் வைத்துப் பேசினால் பர்கூர் மாடு தோற்றுத்தான் போகும். கன்று குடித்தது போக வீட்டுக்குக் கிடைப்பது சொற்பம். அப்படியானால் மலையில் இன்னும் ஏன் வளர்க்கிறார்கள் என்று கேட்கவே மறுநாள் மேலே போனேன்.

இணையத்தில் வழி தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் வேறு, இது ஈரோடு மாவட்டத்துப் பர்கூர். இந்தப் பர்கூருக்கு அந்தியூரிலிருந்து வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டி மலையேற வேண்டும். நான் ஏறிய பேருந்தைப் பேருந்து என்று சொல்ல நா கூசுகிறது. சன்னல் கண்ணாடி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. என் இருக்கை சட்டத்திலிருந்து கழன்றுவந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என்னைப் பக்கத்துப் பெரியவரின் மடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாலாவது வளைவுக்குப் பிறகு அவர் என் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். "பரவால்லீங்க தம்பி, மலைக்கு வர்றவிங்க எல்லாரும் இப்படித்தான்" என்று சிரித்தவர், தாமரைக்கரை தாண்டியதும் தம்முடைய மாட்டுப்பட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தாமாகவே அழைத்தார். நல்ல இருக்கை கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது.

பட்டிக்குப் போகும் முன் அவர் வீட்டில் சாப்பாடு. கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு குவளை மோர். சென்னையில் "பாரம்பரிய உணவகம்" என்ற பலகைக்கு அடியில் இதே களிக்கு 180 ரூபாய் கொடுத்து நொந்திருக்கிறேன். இங்கே பணத்தை நீட்டியதும் அந்த வீட்டு அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் தங்களுக்குள் கன்னடம் பேசுகிற லிங்காயத்துச் சமூகத்தினர். பர்கூர் மாட்டை வழிவழியாக வளர்த்துவருபவர்கள் முதன்மையாக இவர்கள்தாம். புலியின் மேல் ஏறி வருகிற மாதேஸ்வரனைக் கும்பிடுகிறார்கள்.

பட்டியைக் கன்னடத்தில் 'தொட்டி' என்கிறார்கள். முள்ளையும் உண்ணிச்செடியையும் வெட்டிப் போட்ட வேலி, நடுவில் காலம் காலமாக மிதிபட்டு மெத்தைபோல் ஆகிவிட்ட சாணத் தரை. காலையில் கன்றுகளைப் பிரித்து நிறுத்திவிட்டு மாடுகளைக் காட்டுக்கு ஓட்டினால், பொழுது சாய அவையே வழி தெரிந்து திரும்புகின்றன. புண்ணாக்கு, தவிடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் உண்டு. பெரியவர் குரல் கொடுத்ததும் கூட்டத்துக்குள்ளிருந்து அந்த மாடு மட்டும் தலையைத் தூக்கியது. நான் குரல் கொடுத்தபோது எல்லா மாடுகளும் ஒரே சமயத்தில் வேலியின் மறுபக்கம் போய்விட்டன.

இவ்வளவு குறைவாகக் கறக்கிற மாட்டால் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "பாலுக்குங்களா மாடு வெச்சிருக்கறோம்? எருவுக்கும் எருதுக்குமுங்க" என்றார். பட்டியில் சேர்கிற எருவை அள்ளிக்கொண்டுபோகக் கீழ்நாட்டிலிருந்து லாரி வருகிறதாம். மஞ்சளும் வாழையும் வைக்கிறவர்கள் முன்பணம் கொடுத்து வாங்குகிறார்களாம். காளைக் கன்றுகள் அந்தியூர்ச் சந்தைக்குப் போகின்றன. தீவனச் செலவு இல்லை, மருத்துவச் செலவும் பெரிதாக இல்லை, வரவு இரண்டு வழியில். கலப்பின மாடு வைத்திருக்கும் என் உறவினர் ஒருவர், தீவனக் கடை பாக்கியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சாணம்தான் மிச்சம் என்று அடிக்கடி அலுத்துக்கொள்வார். இங்கே சாணம்தான் முதல்.

ஆனால் இந்தக் கணக்கு மந்தையாக இருந்தால்தான் நிற்கும் என்பது அந்தச் சாணத் தரையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக் கொட்டிலில் நாலு மாடு கட்டினால் லாரி வருமளவுக்கு எரு சேராது. தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும், வாங்கினால் ஒவ்வொரு மாடும் பாலால் தன் செலவை ஈடுகட்ட வேண்டும், அந்தப் போட்டியில் ஜெர்சியே வெல்லும். ஆகவே காடு இல்லையென்றால் மந்தை இல்லை, மந்தை இல்லையென்றால் இந்த இனத்தை வைத்திருக்க எந்தக் குடும்பத்துக்கும் காரணம் இல்லை. 2022 மார்ச்சில் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2024 ஜனவரியில் இந்த மலைப்பகுதியின் காடுகளில் 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பட்டிக்காரர்களின் அச்சம் புரியும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாகவே பட்டியலிடுகிறது என்பதுதான் அவர்களுடைய பிடிமானம்.

யானையும் புலியும் நடமாடுகிற காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, அளவில்லாத மேய்ச்சல் புல்லை அழிக்கும் என்பதும் உண்மை. ஆனால் எத்தனை மாடு, எந்தப் பகுதி, எந்த மாதம் என்று வளர்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியதைத் தடை என்ற ஒரே சொல்லால் முடிப்பது சோம்பேறித்தனம். புலிவாகனனுக்குப் படையல் போடுகிற வீட்டில் போய்ப் புலிக்காக மாட்டைக் குறை என்று சொல்கிறவர், அவர்களுக்குப் புலியைப் பற்றித் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பேசக்கூடாது.

துருசனாம்பாளையத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பர்கூர் மாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நேரம் போதாமல் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட நிலையங்கள் அவசியம். நல்ல காளைகள் எல்லாம் சந்தையில் விலைபோய்விட்டால் பட்டியில் இனப்பெருக்கத்துக்கான பொலிகாளைக்கே பஞ்சம் வரும், அப்போது உறைவிந்துதான் கைகொடுக்கும். ஆனாலும் மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலை எந்தக் குப்பியிலும் உறைய வைக்க முடியாது. ஆந்திரத்து ஓங்கோல் இனத்தின் வாரிசுகள் பிரேசிலில் நெலோர் என்ற பெயரில் கோடிக்கணக்கில் பெருகிக் கிடக்கின்றன. விதையை எங்கேயும் கொண்டுபோகலாம் என்பதற்கு அது சான்று. இந்த மலை மாட்டுக்கு எந்த நாடும் அப்படி வரிசையில் நிற்கவில்லை.

மாடித் தோட்டத்துக்கென்று பெரியவரிடம் ஒரு மூட்டை எரு வாங்கினேன். 150 ரூபாய் என்றார், 200 கொடுத்தேன், 50 திரும்பி வந்தது. இறங்கும் பேருந்தில் நடத்துநர் மூட்டையைப் பார்த்ததும் லக்கேஜ் சீட்டு என்றார். என் செலவு 3,000 ரூபாயை எப்போதோ தாண்டியிருந்ததால், ஆட்டோவில் விட்டதை இங்கே மீட்கலாமென்று விடாமல் வாதாடினேன். மூட்டையில் என்ன என்று கேட்டார். பட்டி எரு என்றேன். குனிந்து கட்டை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தார். "ஒரு லோடு என்ன வெலை சொல்றாங்க?" என்று கேட்டு, பட்டி இருக்கும் இடத்தையும் விசாரித்துக் குறித்துக்கொண்டு, மூட்டையைப் பழையபடி கட்டிவிட்டு, 30 ரூபாய்க்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.