நந்தம்பாக்கத்தில் இரண்டு நாள்: ஒரு கான்ஃபரன்ஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 17, 2025, ஞாயிறு

வருகிற வியாழனும் வெள்ளியும் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு சாஃப்ட்வேர் கான்ஃபரன்ஸ். ஆபீசிலிருந்து நானும், டீமில் புதிதாகச் சேர்ந்த சாத்தூர்ப் பெண்ணும் போகிறோம். அவளுக்கு இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சொல்வதையெல்லாம் இங்கேயும் எழுதி வைத்தால் முதல் தடவை போகும் மற்றவர்களுக்கும் உதவும்.

மதியம் வீடியோ காலில் இரண்டு பேரும் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் பல ஹால்களில் பேச்சு ஓடும், எதற்குப் போவது என்று தலை சுற்றும். அவள் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஒரு இடைவெளிகூட விடாமல் பச்சையில் குறித்து வைத்திருந்தாள். பாதியை அழிக்கச் சொன்னேன். மேடைப் பேச்சுகளைப் பெரும்பாலும் ரெக்கார்ட் செய்து பிறகு யூடியூபில் போட்டுவிடுவார்கள், வீட்டில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஒர்க்‌ஷாப், ஒரே விஷயத்தில் வேலை செய்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் அமர்வு, பேச்சு முடிந்ததும் ஸ்பீக்கரைச் சுற்றி நின்று கேட்கும் பத்து நிமிடம், இதெல்லாம் எந்த வீடியோவிலும் வராது. நாம் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து நேரில் போவது இதற்காகத்தான். அதனால் அரை நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு பேச்சு போதும், மீதி நேரம் காலியாகவே இருக்கட்டும்.

அப்புறம் கேள்விகள். நம் வேலையில் எது தினமும் இடிக்கிறதோ அதை ஒரே வரியில் எழுதிக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு இப்போது இருக்கும் பெரிய தலைவலி, சர்வீஸை நிறுத்தாமல் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றுவது. அதையே முதல் கேள்வியாக எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

பை தயார். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பழகின ஷூ, ஏனென்றால் ஹாலுக்கு ஹால் நடந்து நடந்து மாலையில் கால் கெஞ்சும். புது ஷூவை இதற்கென்று வாங்கவே வாங்காதீர்கள். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஏசி குளிர் நடுக்கும், அதனால் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் அல்லது துப்பட்டா. தண்ணீர் பாட்டில், ஆதார் அல்லது வேறு போட்டோ அடையாள அட்டை, பவர் பேங்க். விமானத்தில் வருபவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் லக்கேஜில் விடமாட்டார்கள். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட் ஹவர், அது 100 என்ற வரம்புக்குள்தான் வருகிறது. லேப்டாப்பை நான் எடுப்பதில்லை, ஒர்க்‌ஷாப் இருந்தால் மட்டும்தான். நான்கு ப்ளக் சொருகும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்வேன். சுவரோரம் இருக்கும் ஒரே ப்ளக் பாயின்ட்டில் அதை மாட்டிவிட்டு உட்கார்ந்தால் நான்கு பேர் தானாகவே பக்கத்தில் வந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

போகும் வழி பற்றி ஒரு வார்த்தை. மவுன்ட்–பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது, காலை நேரத்தில் கார் எடுத்தால் கத்திப்பாராவைத் தாண்டுவதற்குள் முதல் பேச்சு முடிந்துவிடும். நான் அண்ணா நகரிலிருந்து பச்சை வழித்தடத்தில் ஏறி ஆலந்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடுவேன். ஓஎம்ஆர் பக்கம் பிஜியில் இருக்கும் அவளுக்குத்தான் சிரமம்: துரைப்பாக்கத்தில் திரும்பி ரேடியல் ரோடு வழியாகப் பல்லாவரம், அங்கிருந்து ஜிஎஸ்டி ரோடு. ஏழு மணிக்கே கிளம்பச் சொல்லியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வருபவர்கள் தி.நகரில் ரூம் போடாமல் கிண்டி, ஆலந்தூர் பக்கம் போடுங்கள், விமான நிலையமும் பக்கம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சீக்கிரம் போனது நல்லதாய்ப் போயிற்று. பேட்ஜ் வாங்கும் வரிசை எட்டரைக்குச் சின்னதாக இருந்தது, ஒன்பதே காலுக்கு வாசலைத் தாண்டி நின்றது.

பேட்ஜில் இருக்கும் க்யூஆர் கோடைப் பற்றி அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஸ்டாலில் ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே அதை ஸ்கேன் செய்வார்கள், பதிவு செய்யும்போது நாம் கொடுத்த மெயிலும் போன் நம்பரும் அந்த நிறுவனத்துக்குப் போய்விடும், அடுத்த வாரம் முழுக்க சேல்ஸ் கால் வரும். "எதுக்குங்க ஸ்கேன் பண்றீங்க?" என்று கேட்பது நம் உரிமை. நிஜமாகவே பயன்படுத்த நினைக்கும் பொருள் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

வைஃபை முதல் டீ பிரேக்கிலேயே படுத்துவிட்டது. எல்லோரும் போனில் ஹாட்ஸ்பாட் போட்டதும் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். உங்கள் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொண்டு வாருங்கள், அது இன்னும் நல்லது.

ஆனால் இன்று நான் எழுத நினைத்தது வேறு. டீ பிரேக்கில் ஆறேழு பேர் நெருக்கமாக வட்டம் போட்டு நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றாள், யாரும் நகரவில்லை, திரும்பி வந்துவிட்டாள். "எனக்கு அவங்க மாதிரி பேச வராதுக்கா" என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எரிக் ஹோல்ஷர் என்பவர் சொன்ன பேக்-மேன் விதி என்று ஒன்று உண்டு: கூட்டமாக நின்று பேசும்போது, அந்த வீடியோ கேமில் வரும் உருவம் வாயைத் திறந்து வைத்திருப்பது போல, வட்டத்தில் ஒரு ஆள் நிற்கும் இடைவெளியை எப்போதும் விட வேண்டும். புதிதாக யாராவது வந்து அதில் நின்றால் மறுபடி ஒரு இடைவெளி விட வேண்டும். பழைய ஆட்கள் செய்ய வேண்டிய வேலை இது. ஏற்கனவே பத்துப் பேரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து ஒரு அடி தள்ளி நில்லுங்கள்.

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "தமிழ்ல கேளும்மா. இது சென்னை. இங்கே இருக்கறவங்கள்ல பாதிப் பேராவது வீட்டுல தமிழ் பேசறவங்கதான்." கேள்வி சரியாக இருந்தால் போதும், எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொல்பவர் சொல்லுவார்.

சாப்பாட்டு வரிசையில் அவளை எனக்கு முன்னால் தனியாக நிற்க விட்டேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைக் கையோடு கூட்டி வருகிறாள். "அக்கா, இவங்க போஸ்ட்கிரெஸ் மாத்தி முடிச்சிட்டாங்களாம்!"

தயிர்சாதத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஏதோ ஸ்டாலில் கொடுத்த நோட்டீஸின் பின்பக்கத்தில் அவர் படம் போட்டார். இடது பக்கம் பழைய சர்வர், வலது பக்கம் புதியது, நடுவில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்று ஒரு அம்பு, அதாவது பழையதில் நடக்கும் மாற்றங்களை உடனுக்குடன் புதியதற்கு அனுப்பும் முறை. "டேட்டா எல்லாம் வந்துடும். சீக்வென்ஸ் நம்பர், அதான் ஒவ்வொரு புது வரிக்கும் அடுத்த எண்ணைக் கொடுக்கற கணக்கு, அது மட்டும் கூட வராதுங்க. அப்படியே மாத்தினீங்கன்னா முதல் இன்சர்ட்லயே டூப்ளிகேட் கீ எரர் அடிக்கும்." மாற்றுவதற்கு முன் பழைய சர்வரில் கடைசி எண்களை எடுத்து, கொஞ்சம் கூட்டி, புதியதில் செட்வால் என்ற கட்டளையால் அந்த எண்ணைப் போட வேண்டும் என்றார். ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் ப்ரைமரி கீ இல்லாத டேபிள்களை முன்பே தேடி, எதை வைத்து வரியைக் கண்டுபிடிப்பது என்று சொல்லும் ரெப்ளிகா ஐடென்டிட்டி வைக்காவிட்டால் அப்டேட்டும் டெலீட்டும் நின்றுவிடும் என்றும் சொன்னார். எங்கள் திட்டத்தில் இந்த இரண்டுமே இல்லை. அந்த நோட்டீஸை அவள் நான்காக மடித்துப் பேட்ஜ் கவருக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சென்னை தினம் இன்று. புனேயிலிருந்து வந்திருந்த இருவரிடம் 1639-ல் இந்த ஊர் பிறந்த கதையைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தேன், மாலையில் மயிலாப்பூருக்கு வழியும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் உடம்பு அசதி. எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம். பேச்சு நமக்கானது இல்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தால் சத்தம் போடாமல் எழுந்து வரலாம், அதற்காகவே ஓர சீட்டில் உட்காருங்கள். கேள்வி நேரத்தில் மைக் கிடைத்தால் ஒரே கேள்வி, இரண்டு வாக்கியம். சொந்த அனுபவத்தை ஐந்து நிமிடம் சொல்லி "இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று முடிப்பவர்கள் பின்னால் நிற்கும் எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

லைட்னிங் டாக் என்ற குட்டிப் பேச்சுகளுக்கான பலகையில் காலையிலேயே பெயர் எழுத வேண்டும், மதியத்துக்குள் நிரம்பிவிடுகிறது. ஐந்து நிமிடம்தான். அவள் இந்த முறை எழுதவில்லை, ஆனால் அந்த ஒரு மணி நேரமும் எழுந்திருக்காமல் கேட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பார்த்தவர்களுக்கு மெசேஜ் அனுப்புவதை இன்றே முடித்துவிட்டேன். ஒரு வாரம் போனால் அவர்களுக்கும் முகம் மறந்துவிடும், நமக்கும். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதினால் யார் என்றே தெரியாது; எங்கே நின்று எதைப் பேசினோம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரருக்கு அவளே எழுதினாள், தமிழில். டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாள்.

ஆபீசுக்கு அரைப் பக்கக் குறிப்பு போதும்: என்ன தெரிந்துகொண்டோம், நம் வேலையில் எது மாறும், எந்த வீடியோ வந்ததும் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் டிக்கெட்டுக்குப் பணம் கேட்கும்போது இந்தக் குறிப்புதான் பேசும். டீமுக்கு அவளே விளக்கிச் சொல்கிறாள், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு. புதன் பிள்ளையார் சதுர்த்தி லீவு, அதற்குள் முடித்துவிட வேண்டும்.