சின்னத் தளம்தான், ஆனாலும் கையால் ஏற்ற வேண்டாம்

நாலு பக்கத் தளத்துக்கு எதற்கு ஆட்டோமேஷன், ஹியூகோவை (எழுதிய பதிவுகளை வலைப்பக்கங்களாக மாற்றும் மென்பொருள்) ஓட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் பில்ட் முடிகிறது, பக்கங்கள் உருவாகிற பப்ளிக் ஃபோல்டரை எஃப்டிபியில் (சர்வருக்குக் கோப்பு அனுப்பும் வழி) தூக்கிப் போட்டால் ஆயிற்று என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நேரம் மிச்சமாகும் என்பதற்காக நான் சொல்லவில்லை. கையால் ஏற்றுகிற வரைக்கும் அந்தத் தளம் உங்கள் லேப்டாப்பை நம்பித்தான் இருக்கிறது. எந்த ஹியூகோ பதிப்பு, தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புகள்) எங்கே கை வைத்தீர்கள், எல்லாம் அதற்குள்தான்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்பது, கோப்புகளைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் இந்த வேலையைத் தானாகச் செய்யும் சேவை. 2019 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, பொது ரெப்போவுக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய கோப்புக் களஞ்சியம்) இலவசம். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு யாமல் கோப்பு (அமைப்புகளை எழுதும் எளிய உரைக் கோப்பு) எழுதி வைத்தால் போதும் (வரியை உள்ளே தள்ள டேப் அடிக்காதீர்கள், ஸ்பேஸ் மட்டும்தான்). ரெப்போவின் மெயின் கிளைக்கு (முதன்மைப் பிரதி) உங்கள் மாற்றங்கள் புஷ் போனதும் புதிதாக ஒரு உபுண்டு (லினக்ஸ்) மெஷின் கிளம்பும், கோப்புகளை எடுக்கும், ஹியூகோவை இறக்கும், பில்ட் செய்து கிட்ஹப் பேஜஸில் (தளத்தை இணையத்தில் காட்டும் சேவை) ஏற்றும், வேலை முடிந்ததும் அந்த மெஷினே இருக்காது. உங்கள் லேப்டாப்பில் இருக்கிற எதுவும் அதற்குத் தெரியாது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. லேப்டாப்பில் மறைந்திருக்கும் தவறு இதில் வெளியே வந்துவிடும்: விண்டோஸில் படக் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் இருந்து பதிவில் சின்ன எழுத்தில் குறிப்பிட்டிருந்தாலும் படம் தெரியும், லினக்ஸில் தெரியாது. தீமை சப்மாட்யூலாக (உங்கள் ரெப்போவுக்குள் இணைத்த வேறொரு ரெப்போ) வைத்திருந்தால், கோப்புகளை எடுக்கும் செக்கவுட் படியில் அதையும் எடுக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தீம் ஃபோல்டர் காலியாகத்தான் வரும். ஹியூகோ பதிப்பு எண்ணையும் அந்தக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள், லேட்டஸ்ட் என்று விட்டால் பழைய தீம் என்றைக்காவது உடையும்.

அப்புறம் ஒரு வசதி, பலர் பயன்படுத்துவதே இல்லை. பதிவுக்கு வருகிற வாரத் தேதி போட்டால் ஹியூகோ அதை பில்டில் சேர்க்காது. அதனால் தினமும் ஒரு தடவை தானாக ஓடும்படி அதே கோப்பில் க்ரான் வரி (எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் வரி) ஒன்று சேர்த்துவிட்டால், பதிவு அதன் நாளில் தானே வெளியாகும். வேறு நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் க்ரான் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்குதான், நமக்குக் காலை 6 மணி என்றால் அங்கே 0.30. பதிவின் தேதியிலும் நம் நேரத்துக்கான +05:30 போட்டுவிடுங்கள். பொது ரெப்போவில் 60 நாள் எந்த வேலையும் நடக்கவில்லை என்றால் கிட்ஹப் இந்த க்ரானை நிறுத்திவிடும், ஆக்‌ஷன்ஸ் பக்கத்துக்குப் போய் மறுபடி எனேபிள் செய்தால் சரி.