அண்ணன் வைத்திருந்த மாற்று ஆட்கள்

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பொறுப்பேற்ற வருடமே எங்கள் கல்லூரியில் புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரும் தன்னார்வலர் குழு. முதுகலையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். தேர்வு நெருங்கினாலே எழுத ஆள் கேட்டு வகுப்பு வகுப்பாக அவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். தேர்வர் தாமே அழைத்துவரும் ஆள் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். எங்கள் அலகில் இளங்கலைப் பிள்ளைகள் நூறு பேர். ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டியவர்கள். ஆளுக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தைந்து பேர், பயிற்சிக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அறையைத் திறந்துவிட வந்த இயற்பியல் ஆய்வக உதவியாளர் அண்ணன், போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் விதிமுறைகளை வாசித்து முடித்ததும், "மேடம், ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமா?" என்றார்.

தோளில் கிடந்த துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மாணவன் எதிரே உட்கார்ந்தார். நாலு வாக்கியம் சொன்னார். நிறுத்தினார். "எழுதிட்டியாப்பா?" பையன் தலையாட்டினான். அண்ணன் காத்திருந்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் தலையாட்டினான். "நீ தலையாட்டுறது எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அறையில் சத்தமே இல்லை. நான் ஒரு மணி நேரம் பேசியும் போய்ச் சேராதது அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் வினாத்தாள் முழுவதையும் மதிப்பெண்ணோடு வாசித்துக் காட்டணும். எழுதிய வரியைத் திரும்பப் படிக்கணும். எத்தனை பக்கம் ஆச்சு, மணி என்ன என்பதை அவங்க கேட்காமலே சொல்லணும். விடை உனக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். முந்தின நாள் அந்த நால்வரோடும் டீக்கடையில் உட்கார்ந்து, எதில் கஷ்டம் என்று விசாரித்திருக்கிறார். திட்டத்தை எழுதிய எனக்கு அவர்களையே கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

முதல் தேர்வு நாள். பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பதே காலுக்கு, எழுத வரவேண்டிய ஒரு மாணவியின் போன் அணைந்திருந்தது. கடும் காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. வாசலுக்கும் அலுவலகத்துக்குமாக நான் அலைந்துகொண்டிருக்க, அண்ணன் இன்னொரு பெண்ணோடு வந்தார். கையில் அடையாள அட்டை, புகைப்படம் ஒட்டி நிரப்பிய படிவம்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆள் கூடுதலா நூலகத்துல உட்கார வெச்சிருக்கேன் மேடம். சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல."

உள்ளே, மேசை மேல் விரல்களைக் கோத்தபடி காத்திருந்த மாணவியிடம் அந்தப் பெண், "அக்கா, நான் வந்துட்டேன்" என்றதும் கோத்த விரல்கள் பிரிந்தன. அதை நான் கதவருகே நின்று பார்த்தேன்.

மூன்று மணி நேரத் தேர்வு, மணிக்கு இருபது நிமிடம் கூடுதல். முடிய இரண்டு மணி ஆகிவிடும். அதற்குள் கேன்டீனில் சாப்பாடு தீர்ந்துவிடும் என்று எட்டுத் தயிர்சாதப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். அதற்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

ஆண்டறிக்கையில் ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். முதல்வர் பேனாவை நிறுத்தி, "லேப் அசிஸ்டென்டா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். இந்தப் பக்கத்தில் நான் எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.