டாலாட் போகிறவர்களுக்கு

வியட்நாமின் டாலாட், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பைன் மரங்கள் சூழ்ந்த மலையூர். ஏரி, பூந்தோட்டமெல்லாம் அழகுதான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 'கிறுக்கு வீடு' என்று பெயர் வாங்கிய விடுதி. கட்டடக் கலைஞர் டாங் வியட் ங்கா உருவாக்கியது, 1990இல் திறந்தார்கள். ராட்சத ஆலமரம் போன்ற வடிவம். நேர்க்கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முறுகி முறுகி ஏறும் படிகள், குகை போன்ற அறைகள், கூரைமேல் ஒடுங்கிய பாலங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

அப்புறம் தாதன்லா அருவி. கயிறு கட்டிக்கொண்டு கொட்டும் தண்ணீரிலேயே இறங்கலாம். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் தயவுசெய்து வேண்டாம். 2016இல் அங்கே மூன்று பிரிட்டன் பயணிகள் இறந்தார்கள். தண்ணீர் பயம் என்றால் காட்டுக்குள் சறுக்கி இறங்கும் தண்டவாள வண்டி இருக்கிறது, பிரேக் நம் கையில். டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள், மழைத் தொல்லை குறைவு.