பேத்தியின் கைப்பிடித்துக் கூத்தனூர் வரை

எங்கள் பேத்தி வீட்டுக்குள் ஓயாமல் பேசுவாள். வாசற்படியைத் தாண்டிவிட்டால் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. உறவினர் வந்தாலும் என் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தண்ணீர் வேண்டும் என்றாலும் என் காதோடு காதாகத்தான் கேட்பாள். அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது என் மகள் மீண்டும் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்ததால், அன்று முதல் அவளைக் குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் உறங்க வைத்ததும் நான்தான். இந்த ஜூன் மாதம் அவளைப் பள்ளியில் சேர்ப்பதாக முடிவானபோது வீட்டில் அனைவரும் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் இரவில் உறக்கம் வரவில்லை. தாகம் எடுத்தால் யாரிடம் சொல்வாள், வயிறு வலித்தால் எப்படிச் சொல்வாள், அங்கே காது கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து மனம் கலங்கியது.

விஜயதசமி அன்று நெல்லில் விரல் பிடித்து 'அ' எழுத வைப்பதை எங்கள் வீட்டிலேயே செய்து முடித்திருந்தோம். ஆயினும் பள்ளி திறப்பதற்குள் கூத்தனூர் சரஸ்வதியின் சந்நிதியில் அவளை நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வலுத்துக்கொண்டே வந்தது. போகும் வழியை மாற்றி முதலில் சீர்காழிக்குச் சென்றுவிட்டு வரலாம் என்று சொன்னவர் என் கணவர். "பேச்சு வேண்டித்தானே போகிறோம்? மூன்று வயதுப் பிள்ளை பேசிய ஊரைப் பார்க்காமல் எப்படி?" என்று அவர் கேட்டதற்கு மறுப்பேதும் இல்லை. வைகாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், விடிவதற்கு முன்பே கும்பகோணத்திலிருந்து வாடகைக் காரில் நால்வருமாகப் புறப்பட்டோம்.

சீர்காழிக் கோயிலின் பிரம்ம தீர்த்தக் கரையில் நாங்கள் நின்றபோது வெயில் இன்னும் ஏறவில்லை. திருஞானசம்பந்தரின் வரலாற்றை என் தாயார் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதையே நான் என் மகளுக்கும் சொன்னேன், பேத்திக்கும் சொல்லியிருக்கிறேன். நீராடப் புறப்பட்ட சிவபாத இருதயரைப் பின்தொடர்ந்து குழந்தை அழ, அவர் அதையும் உடன் அழைத்து வந்து கரையில் அமர்த்திவிட்டு நீருக்குள் மூழ்கினார் என்றும், தந்தையைக் காணாத பிள்ளை கோயிலின் சிகரத்தை நோக்கி "அம்மே! அப்பா!" என்று அழுதது என்றும், இறைவன் பணிக்க அம்மையே பொற்கிண்ணத்தில் ஞானப்பாலைக் கொண்டுவந்து ஊட்டினாள் என்றும் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார். கரையேறிய தந்தை, வாயில் பால் வழிய நிற்கும் பிள்ளையைக் கண்டு, யார் தந்த பாலை உண்டாய் என்று கோலெடுத்து அதட்ட, பிள்ளை விரலை உயர்த்திக் காட்டிப் பாடியதுதான் 'தோடுடைய செவியன்' என்று தொடங்கும் பதிகம். பன்னிரு திருமுறைகளின் முதற்பதிகமே அதுதான்.

இத்தனை ஆண்டுகளும் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நான் அழுகின்ற பிள்ளையின் பக்கமாகவோ பால் தந்த அம்மையின் பக்கமாகவோதான் நின்றிருக்கிறேன். அன்று முதன்முறையாக, நீருக்குள் இருந்த அந்தத் தந்தையை நினைத்தேன். அவர் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர் அல்லர். கூப்பிடு தூரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் மூச்சடக்கி இருந்தவர். அவர் மறைந்திருந்த அந்தச் சிறிது நேரத்தில்தான் பிள்ளை தலை நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தது. அவர் கரையிலேயே அமர்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தால் அது சிகரத்தை நோக்கி எதற்காக அழப் போகிறது? இதை எழுதும்போதும் எனக்குக் கண் நிறைகிறது. குளத்துப் படியில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றுவிட்டதால், என் மகள் வந்து தோளைத் தொட்டு அழைக்க வேண்டியதாயிற்று.

பிரம்மபுரீசுவரரையும் திருநிலைநாயகி அம்மையையும் தரிசித்துவிட்டு, படியேறித் தோணியப்பரையும் வணங்கினோம். அதற்கும் மேலே சட்டைநாதர் சந்நிதி. அங்கே பெண்கள் பூச்சூடிச் செல்வதில்லை. ஆண்கள் சட்டை அணிவதில்லை. பேத்தியின் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து என் பையில் வைத்தபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள்; ஆனால் அழவில்லை. சம்பந்தப் பெருமானின் சந்நிதியில், ஒரு விரலை மேலே உயர்த்தியபடி நிற்கும் அந்தச் சிறிய திருவுருவத்தின் முன்னால் அவள் அசையாமல் நின்றாள். பிறகு என்னைக் குனியச் சொல்லிக் காதில் கேட்டாள்: "அம்மாச்சி, அந்தப் பாப்பா ஏன் விரலைக் காட்டுது?"

"பால் கொடுத்தது யாருன்னு அப்பா கேட்டாங்கல்ல, அதான் காட்டுது."

"தங்கக் கிண்ணத்துலயா?"

"ஆமா கண்ணு, தங்கக் கிண்ணத்துலதான்."

நடை சாத்தும் நேரம் நெருங்கியதால் அங்கிருந்து மயிலாடுதுறைக்கு வந்து, உச்சி வெயில் தணியும் வரை தங்கியிருந்து, பிற்பகலில் திருவாரூர் சாலையில் புறப்பட்டோம். பேரளத்தை ஒட்டியுள்ள திருமீயச்சூரில் லலிதாம்பிகையை வணங்காமல் கடந்தது மனத்துக்குக் குறையாகத்தான் இருந்தது; ஆனால் குழந்தைக்கு அதற்குமேல் களைப்புத் தாங்காது. பூந்தோட்டத்தில் திரும்பினால் கூத்தனூர் மிக அருகில்தான்.

அரசலாறு மணலாகக் கிடந்தது. குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது நெடுநாளைய வழக்கம் என்பதால், வைகாசியில் எங்கள் பகுதி ஆறுகள் எல்லாம் தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கும். ஆற்றுக்குத் தண்ணீர் வரும் அதே மாதத்தில்தான் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது அந்த மணலைப் பார்த்தபோது தோன்றியது.

ஊருக்குப் பெயர் தந்தவர் ஒட்டக்கூத்தர். 12ஆம் நூற்றாண்டில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூன்று சோழ மன்னர்களின் அவையிலும் புலவராக விளங்கி, மூவர் மீதும் உலாப் பாடியவர் அவர். இரண்டாம் இராசராசன் அவருக்கு இந்த ஊரைப் பரிசாக அளித்ததால் கூத்தன் ஊர் என்றானது என்றும், 'ஆற்றங்கரைச் சொற்கிழத்தி' என்று அவர் தக்கயாகப் பரணியில் வாழ்த்தியது இங்குள்ள தேவியைத்தான் என்றும் சொல்வார்கள். சொற்கிழத்தி என்னும் அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். சொல்லுக்கு உரியவள் எவளோ அவளிடம்தானே சொல்லைக் கேட்க முடியும்? வாய் பேசாத பக்தர் ஒருவர் இந்த அன்னையையே நம்பிக் கிடந்தார் என்றும், அவள் தன் தாம்பூலத்தை அளித்து அவருக்குப் பேச்சையும் பாடும் வன்மையையும் அருளினாள் என்றும், அவரே புருஷோத்தம பாரதி என்று போற்றப்பட்டார் என்றும் தல வரலாறு கூறுகிறது. நான் அந்த வரலாற்றை நம்பித்தான் அவ்வளவு தூரம் சென்றேன்.

சரஸ்வதி பூஜை நாளில் அன்னையின் பாதத்தைத் தொட்டு வணங்குவதற்காக இங்கே திரளும் கூட்டம் பெரிது. நாங்கள் சென்ற அன்று மாலையில் சந்நிதி அமைதியாக இருந்தது. எங்களுக்கு முன்னால் சில பிள்ளைகள் மட்டும் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார்கள். மூலவருக்கு எதிரே, சிவன் கோயிலில் நந்தி இருப்பதுபோல, அன்னம் தேவியை நோக்கியபடி இருக்கிறது. வெண்ணிற ஆடை உடுத்தி, தாமரையில் அமர்ந்து, ஒரு கையில் ஏடும் ஒரு கையில் சின்முத்திரையும், மேற்கைகளில் செபமாலையும் அமுத கலசமுமாக அன்னை காட்சி தந்தாள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் வீணையோடு இருக்கும் சரஸ்வதியையே பார்த்துப் பழகியவள் பேத்தி. என் காதில் அடுக்கடுக்காகக் கேட்டாள்.

"வீணை எங்கே அம்மாச்சி?"

"இங்க புத்தகம் வச்சுக்கிட்டுப் பாடம் சொல்லிக் குடுக்குறாங்க கண்ணு."

"அந்தச் சொம்புல என்ன?"

"அமுதம்."

"இந்தப் பறவை என்ன சாப்பிடும்?"

பாலையும் நீரையும் கலந்து வைத்தால் நீரை விட்டுவிட்டுப் பாலை மட்டும் பருகும் பறவை அன்னம் என்று சொன்னேன். அவள் அன்னத்தையும் அமுத கலசத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் கொண்டு சென்ற சிலேட்டையும் பல்பத்தையும் முதல் நோட்டையும் வாங்கி அன்னையின் திருவடியில் வைத்த குருக்கள், அர்ச்சனைக்காகப் பேத்தியின் பக்கம் குனிந்து, "பாப்பா பேர் என்ன?" என்று கனிவாகக் கேட்டார். அவள் என் புடவையைப் பற்றினாள். நான் பெயரைச் சொன்னேன். "என்ன நட்சத்திரம்?" என்றார். அதையும் சொன்னேன், பெரியவர்கள் சொல்ல வேண்டியதுதான் அது. "எந்த வகுப்பில் சேரப் போறே?" என்று மீண்டும் அவளிடமே கேட்டார். அதற்கும் நானே பதில் சொன்னேன்.

சொல்லி முடித்த கணத்தில் என் குரல் எனக்கே கேட்டது. இந்த மூன்றரை ஆண்டுகளில் அவளை நோக்கி வந்த எந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொல்லும்படி நான் விட்டதில்லை. பசிக்கிறதா என்று யாராவது கேட்டால் பசிக்கிறது என்று நான் சொல்வேன். பொம்மை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்று நான் சொல்வேன். அன்பினால்தான் செய்தேன். அவள் முகம் வாடுவதைக் காணப் பொறுக்காமல்தான் செய்தேன். ஆயினும் அவளுடைய சொல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் என் சொல் போய் உட்கார்ந்திருந்தது. கற்பூர ஆரத்தி காட்டப்பட்டபோது, அவளுக்குப் பேச்சைத் தா என்று வேண்டிக்கொள்ள வந்த நான், அவள் பேசும் வரை காத்திருக்கும் பொறுமையை எனக்குத் தா தாயே என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

சந்நிதிக்கு வெளியே வந்ததும் சிலேட்டில் அவளாகவே ஒரு 'அ' எழுதினாள். சுழி பெரிதாகவும் கோடு கோணலாகவும் இருந்தது. திருத்தவில்லை. தாத்தா சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாடல்களையும் மெல்லிய குரலில் சொல்லி முடிக்கும் வரை அவர் மடியில் படுத்திருந்தவள், அப்படியே உறங்கிப்போனாள். பையில் இருந்த மல்லிகைச் சரத்தை அவள் தலையில் மீண்டும் சூட்டினேன்.

பள்ளி திறந்த நாளன்று வாயிலில் நின்ற ஆசிரியை அவளிடம் பெயரைக் கேட்டார். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். மகளும் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் கடந்தாற்போல் இருந்தது. பதில் வரவில்லை, ஆசிரியை புன்னகைத்தபடி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். "அம்மாச்சி!" என்ற அழுகுரல் வகுப்பறைக் கதவு வரை கேட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று மகள் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், அவள் கண்ணில் படாதவாறு எதிர்ப்புறத்து மர நிழலில் நான் நின்றுகொண்டேன். பிரம்ம தீர்த்தத்தில் மூழ்கியிருந்த தந்தைக்கு வெளியே அழுகை கேட்டிருக்குமா என்று அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளும் அழுதாள். மூன்றாம் நாள் அழுகை சிறிது குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் பள்ளியைப் பற்றி எதையும் சொல்ல மாட்டாள். நானும் துருவிக் கேட்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அவளை அழைத்துவரப் போனபோது, ஆசிரியை அவள் கையைப் பிடித்தபடி வாயில் வரை வந்தார். "இன்னிக்கு ஒரு அன்னத்தைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தா. தண்ணியை விட்டுட்டுப் பாலை மட்டும் குடிக்குமாம். அதுக்கு யாரு பால் குடுக்குறாங்கன்னு கேட்டேன், அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார்.

நான் வாய் திறக்கவில்லை.

பேத்தி சம்பந்தரைப் போல ஒரு விரலை மேலே உயர்த்திக்கொண்டு, ஆசிரியையைப் பார்த்துச் சொன்னாள்: "சீர்காழி அம்மா. தங்கக் கிண்ணத்துல."