கவசத்துக்குக் கீழே

கற்பனை உலக விளையாட்டுகளில் வரும் மிருகங்களுக்கு உடம்பு செய்வது என் வேலை. உருவம் வரைய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது திரையில் தெரியாத பகுதியை. செதில் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, அதன் அடியில் கொழுப்பு எவ்வளவு, ஈட்டி பட்டால் எது முதலில் கிழியும், தடி பட்டால் எது நசியும் என்பதையெல்லாம் எண்களாக்கி ஒரு கோப்பில் எழுதி வைப்பேன். இருப்பது பண்டாரவளையில், குழுவில் மற்றவர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் சிதறிக் கிடக்கிறார்கள். மகளுக்கு என்ன வேலை என்று அம்மாவிடம் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முடித்துவிடுவார். அதுவும் சரிதான்.

பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தபோது கவசம் என்பது ஒரே ஒரு எண்தான். அடி படுமா, பட்டால் தாங்குமா என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஓர் எண்ணே பதில். பின்னால் வந்த பதிப்புகளில் ஓட்டுக்குள் அசையாமல் இருக்கும் ஆமையும், துள்ளி விலகும் கீரியும் ஒரே எண்ணில் வந்து நிற்கலாம். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும்போது அது போதும். நடுவில் யார் அழுத்தத்தை அளக்கும் மெகாபாஸ்கல் கணக்குப் பார்ப்பது?

கணினிக்கு அந்தச் சலிப்பு இல்லை. டார்ன், ஸக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் விளையாட்டில் உடம்பு தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக வந்துவிட்டது. பின்வந்த பதிப்புகளில் ஒவ்வொரு பொருளுக்கும் மோதல், அமுக்கம், இழுவை, முறுக்கு, கொய்வு (பக்கவாட்டில் வழுக்கி அறுப்பது), வளைவு என ஆறு விதமான விசைகளுக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு: எதுவரை போனால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது, எதுவரை போனால் முறிந்துவிடும். எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். யாரும் திறந்து மாற்றலாம். இந்தத் தொழிலில் என் வயதுக்காரர்கள் பலர் அந்தக் கோப்புகளை நோண்டித்தான் பழகினோம்.

புதிதாகக் குழுவுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: எது பலம் கூடியது? அட்டவணையை அந்த ஒரு வரிசைப்படி அடுக்கி, மேலே உள்ளதை நாகத்துக்கும் (பறக்கும் டிராகனைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வது) கீழே உள்ளதை எலிக்கும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அவர்களுக்கு நான் காட்டுவது ஜான் கரி என்ற உயிரியலாளர் 1979இல் வெளியிட்ட அளவீடுகளை. மூன்று எலும்புகளை அவர் ஒப்பிட்டார்: மான் கொம்பு, மாட்டின் தொடை எலும்பு, திமிங்கிலத்தின் காது எலும்பு. கனிமப் பங்கு முறையே 59, 67, 86 சதவீதம். கனிமம் கூடக் கூட விறைப்பும் கூடுகிறது. காது எலும்புதான் மூன்றிலும் மிக விறைப்பானது. ஆனால் அதை உடைக்கத் தேவைப்படும் சக்தியோ மான் கொம்புக்குத் தேவைப்படுவதில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்குதான். காது எலும்பின் வேலை கேட்பது, முட்டுவது இல்லையே. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் புல்வெளியில் மரை என்ற பெரிய மான்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிடா சுமக்கும் கொம்பு, ஆண்டில் சில வாரங்கள் இன்னொரு கிடாவின் முழுப் பாரத்தையும் வாங்க வேண்டியது. அதற்கு விறைப்பைவிட, விரிசல் விழுந்தாலும் ஓடிப் பிளக்காத குணம்தான் முக்கியம். ஆக "பலம்" என்று அட்டவணையில் ஒரு வரிசை போட்டால் அது எந்த பலம் என்று உடனே கேட்க வேண்டியிருக்கிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. கவசத்தைப் பற்றிய கணக்கில் பாதிக்கு மேல் அதன் அடியில் இருப்பதைப் பற்றியது. வாளோ நகமோ பட்டால் நாங்கள் செய்வது இவ்வளவுதான்: தொடும் பரப்பு எவ்வளவு, கொண்டுவந்த சக்தி எவ்வளவு என்று பார்த்து மேல் அடுக்கின் எல்லையோடு ஒப்பிடுகிறோம். தாண்டினால் வெட்டு, மிச்ச சக்தி அடுத்த அடுக்குக்கு. தாண்டாவிட்டால் சக்தி மறைந்துவிடாது, பரவலாகக் கீழே இறங்கும். ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே ஈரல் சிதைந்து சாகும் மிருகம் இப்படித்தான் வருகிறது. ஒட்டியிருக்கும் விதமும் கணக்கில் சேரும். ஆமையின் ஓடு விலா எலும்போடும் முதுகெலும்போடும் ஒன்றாகிப்போனது; ஓட்டில் விழும் அடி நேராக எலும்புக்கூட்டுக்குப் போகும். எறும்புத்தின்னியின் செதில்கள் தோலில் முளைத்து ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பவை; அடி பட்டால் நகர்ந்து கொடுக்கும், சுருண்டால் வயிற்றையும் மூடிவிடும். இரண்டுக்கும் ஒரே தடிப்பு, ஒரே பொருள் கொடுத்தாலும் ஒரே விளைவு வரக்கூடாது.

செதிலும் ஓடும் இல்லாத கவசமும் உண்டு. டிக்கோயாப் பக்கத் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், மரக்கறிப் பாத்தியைக் கிளறிய ஒரு காட்டுப்பன்றியை மாமா வெட்டிப் பங்கு போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வயிற்றில் வழுக்கிக்கொண்டு போனது. தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டது. வெளியே மயிரும் மண்ணும் ஒட்டிய கறுப்புத் தோல். அதற்கு அடியில் வெள்ளையாக, இரண்டு விரல் தடிப்பில், இறப்பர் மாதிரி ஒரு பலகை. பழைய கீறல்கள் அதன்மேல் ஆறிப்போய்க் கோடு கோடாகக் கிடந்தன. மாமா கத்தியைக் கல்லில் தீட்டிவிட்டு வந்து, "ஆம்பளப் பன்னிக்கு மட்டுந்தாம்மா இப்புடி. இன்னொரு பன்னி கொம்பால கிழிக்கும்ல, அதுக்கு" என்றார். கொம்பு என்று அவர் சொன்னது கோரைப்பல்லை.

வளர்ந்த ஆண் பன்றிகளுக்குத் தோளிலும் விலாவிலும் வரும் இந்தத் தடித்த இணைப்புத் திசு எங்கள் விளையாட்டில் தனி அடுக்காகவே இருக்கிறது. பன்றி, பன்றித் தலை அரக்கன், இன்னும் இரண்டு மூன்று ஜந்துகளுக்கு. வயது வந்த ஆணுக்கு மட்டும், தோளுக்கு மட்டும். "இதை யார் கவனிக்கப்போகிறார்கள்?" என்று குழுவில் ஒரு பேச்சு வந்தது. நியாயமான கேள்வி. ஆனால் தோளைக் குறிவைத்த ஈட்டி நிற்கிறது, காதுக்குப் பின்னால் குறிவைத்தது இறங்குகிறது என்பதை விளையாடுகிறவர் இரண்டு மூன்று சண்டையிலேயே பிடித்துக்கொள்கிறார். எண் அவருக்குத் தெரியத் தேவையில்லை.

ஈரமும் கணக்கில் வர வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். அட்டன் பக்கம் மே மாத மழை பிடித்தால் நகமெல்லாம் ஊறிப்போய் மெத்தென்று ஆகிவிடும். நகம், குளம்பு, எறும்புத்தின்னிச் செதில் எல்லாம் கெரட்டின் என்ற புரதம்தான். குதிரைக் குளம்பில் 1987இல் வெளியான அளவீடுகள் பிரபலமானவை. முற்றாக உலர்ந்த குளம்பின் விறைப்பு 14.6 கிகாபாஸ்கல், முழுதாக நனைந்தால் 0.4 தான். எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது: விரிசலை அது மிக நன்றாகத் தாங்குவது உலர்ந்தபோதும் இல்லை, நனைந்தபோதும் இல்லை, நடுவில், காற்றின் ஈரப்பதன் 75 சதவீதம் உள்ளபோது. எங்கள் விளையாட்டில் மழையும் மூடுபனியும் முன்பே இருந்தன, அதனால் அதைக் கொம்பு, குளம்பு, செதிலோடு இணைப்பது பெரிய வேலையாக இல்லை. பாலைவனத்து ஓணானைச் சதுப்புக்குள் விரட்டினால் அதன் செதில் குத்தவும் வெட்டவும் இளகிக் கொடுக்கும். இதையும் விளையாட்டு எங்கேயும் சொல்லாது.

பாரம்தான் எல்லோருடைய ஆசையிலும் மண் அள்ளிப் போடுவது. உடல் பரப்பு 10 சதுர மீட்டர் உள்ள ஒரு ஜந்துவை 2 சென்டிமீட்டர் தடிப்பில் மூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கெரட்டின் என்றால் சுமார் 260 கிலோ. எலும்பு என்றால் 400. உருக்கு என்றால் 1,570. உருக்குச் செதில் நாகம் கேட்கிறவர்களிடம் நான் இந்த மூன்று எண்ணையும் காட்டிவிட்டு, இது எப்படிப் பறக்கும் என்று மட்டும் கேட்பேன். உருவத்தை இரண்டு மடங்கு நீளமாக்கினால் எடை எட்டு மடங்கு, காலெலும்பின் குறுக்குவெட்டு நாலு மடங்கு. கலிலியோ 1638இலேயே சொல்லிவிட்ட விஷயம். சிலர் அதற்கும் "மந்திரம்" என்பார்கள். சரி, மந்திரம் என்றால் அதற்கும் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இரும்புக் கவசம் உயிரினத்தில் சாத்தியமே இல்லை என்று ஒருவர் வாதாடியபோது நத்தையைக் கொண்டுவந்தேன். இந்து சமுத்திரத்தின் ஆழத்தில், வெந்நீர் பீறிடும் இடங்களில் 2001இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நத்தைக்குப் பாதத்திலும் ஓட்டிலும் இரும்பு சல்பைடு படிந்திருக்கிறது. ஆனால் அதன் ஓட்டில் இரும்பு மெல்லிய வெளிப்பூச்சு மட்டும்தான். நடுவில் தடித்த, மெத்தென்ற ஓர் உயிரிப்பொருள் அடுக்கு; உள்ளே சாதாரணச் சுண்ணாம்பு ஓடு. அடியின் சக்தியைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது அந்த நடு அடுக்கு. எங்கள் நாகத்துக்கு இப்போது இருப்பதும் அந்த மூன்றடுக்குத்தான், எடையும் கட்டுக்குள் வந்துவிட்டது.

இப்போது இழுபடுவது சட்டை கழற்றும் விவகாரம். நண்டு, சிலந்தி வகை ஜந்துகள் வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். புதிய ஓடு இறுகும்வரை உடம்பு முழுக்க மெத்தென்று இருக்கும். எங்கள் ஊர் ஓடைகளில் நண்டு பிடித்தவர்களுக்கு அந்த மெத்து நண்டைத் தெரியும். கல்லுக்கடியில் பதுங்கி வெளியே வராது. குகைச் சிலந்தி ராட்சதனுக்கு இப்படி ஒரு காலம் இருந்தால், வேட்டைக்காரர் அதற்காகக் காத்திருக்கலாம், கழற்றிய சட்டையை எடுத்துக் கேடயம் செய்யலாம். நிரலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மிருகத்துக்கும் தனி நாட்காட்டி வைத்தால் கணினி திணறும் என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆயிரக்கணக்கான சிலந்திகள் உள்ள உலகம் இது. பெரியவற்றுக்கு மட்டும் வைக்கலாமா என்று போன கிழமை கேட்டேன். நினைவகம் எவ்வளவு எடுக்கும் என்று அளந்து பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கழற்றும் இடைவெளி, இறுக எடுக்கும் நேரம், அதுவரை தோலின் எல்லைகள் என்று தேவையான எண்களை எழுதிக் கோப்பில் போட்டுவிட்டேன். அவருடைய பதில் வந்ததும் முதலில் நண்டில் போட்டுப் பார்க்க வேண்டும், சிலந்தி அப்புறம்.